201 வகை ரயில் மின்சாரத்தை எங்கே மிச்சப்படுத்தியது? சாப்பர், ரீஜெனரேட்டிவ் பிரேக்: ஓர் எளிய விளக்கம்

டோக்கியோவின் சூவோ விரைவுத் தடத்தில் ஓடிய ஆரஞ்சு நிற 201 வகை ரயிலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: ‘சாப்பர் பொருத்திய வண்டி, அதனால் மின்சாரம் மிச்சம்.’ சாப்பர் என்பது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டித் தரும் எலக்ட்ரானிக் சுவிட்ச். இந்த ஒரு வரியிலிருந்து மூன்று தவறான எண்ணங்கள் கிளைத்திருக்கின்றன. பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரம் வண்டியில் உள்ள பேட்டரியில் சேர்கிறது என்பது ஒன்று. அது மின்நிலையத்துக்கே திரும்பிப் போகிறது என்பது இன்னொன்று. மிச்சம் முழுவதும் சாப்பரால் வந்தது என்பது மூன்றாவது. மூன்றுமே சரியில்லை. மூன்றாவதுதான் அதிகம் குழப்புகிறது. ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது.

மின்னியல் படிக்காதவர்களும் பின்தொடரும்படி அடியிலிருந்து பார்ப்போம்.

எந்த வண்டி இது?

ஜப்பானிய தேசிய ரயில்வே 1957-இல் 101 வகையையும், 1963-இல் 103 வகையையும் கொண்டுவந்தது. 103 வகை மட்டும் 1984 வரை 3,447 பெட்டிகள் கட்டப்பட்டன. நகர்ப்புற ரயில் என்றாலே அதுதான் என்னும் நிலை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, மின்சாரத்தை வெப்பமாகக் கொட்டித் தீர்க்கும் இந்தப் பழைய ஏற்பாட்டுக்கு மாற்று தேட வேண்டிய அவசரம் வந்தது. அந்தத் தேடலில் பிறந்தது 201.

முன்மாதிரிப் பெட்டிகள் 10. அவை 1979-இல் வந்தன. 1981 முதல் 1985 வரை தொடர் உற்பத்தி நடந்தது. மொத்தம் 1,018 பெட்டிகள். மின்கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம், 1,067 மி.மீ. தண்டவாள அகலம், பக்கத்துக்கு நான்கு கதவுகள் கொண்ட 20 மீட்டர் எஃகுப் பெட்டி, உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ. சூவோ தடத்தின் 10 பெட்டித் தொடரில் 6 பெட்டிகளில் மோட்டார் உண்டு, 4 வெறும் இழுவைப் பெட்டிகள். ஒவ்வொரு மோட்டாரும் 150 கிலோவாட். 103-இல் அது 110. தொடக்க காலத்தில் வண்டியின் நெற்றியிலேயே ‘மின்சிக்கன ரயில்’ என்று பொருள்படும் பலகையை மாட்டி ஓட்டினார்கள்.

சிக்கனத்தோடு தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடலாம். ஏழு பேர் உட்காரும் நீள இருக்கையில் ஆறு பேர் பரப்பிக்கொண்டு உட்காருவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். 201-இல் நடு இருக்கைக்கு மட்டும் வேறு நிறத் துணி போட்டார்கள். மூன்று, ஒன்று, மூன்று என்று ஆட்கள் தானாகவே பிரிந்து உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த வண்டியில் மிகக் குறைந்த செலவில் தீர்க்கப்பட்ட பிரச்சினை அதுவாகத்தான் இருக்கும்.

மோட்டாரை நேராகக் கம்பியில் கொடுத்தால் என்ன ஆகும்?

நேர்மின் மோட்டார் சுழலும்போது, தனக்குத் தரப்படும் வோல்டேஜுக்கு எதிராகத் தானும் ஒரு வோல்டேஜை உண்டாக்கும். இதற்கு எதிர்மின் அழுத்தம் என்று பெயர். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். ஓடும் மோட்டாரில் மின்னோட்டத்தை அடக்கி வைத்திருப்பது அதுதான்.

நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் எதிர்மின் அழுத்தம் சுழியம். அப்போது மின்னோட்டத்தைத் தடுக்க இருப்பது செப்புச் சுருளின் சொந்தத் தடை மட்டுமே. நான்கு மோட்டார்களைத் தொடராக இணைத்தாலும் அந்தத் தடை ஓர் ஓமைத் தொடாது. அதன்மேல் 1,500 வோல்டைக் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். சர்க்யூட் பிரேக்கர் விழும். விழாவிட்டால் மோட்டார் எரியும். ஆகவே புறப்படும்போது மோட்டாருக்குக் குறைந்த வோல்டேஜும், வேகம் ஏற ஏறக் கூடுதல் வோல்டேஜும் தர ஓர் ஏற்பாடு வேண்டும்.

வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டரைத் தொட்டால் சுடும். உள்ளே இருக்கும் மின்தடைக் கம்பி மிகுதி வோல்டேஜை விழுங்கி வெப்பமாக்குவதால் வரும் சூடு அது. விசிறியை மெதுவாக ஓட்டினாலும் மின்கட்டணம் அந்த அளவுக்குக் குறையாது. பின்னால் வந்த சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் பல, மின்சாரத்தை விழுங்காமல் அடிக்கடி வெட்டிவிட்டுச் சராசரியைக் குறைப்பவை, அதிகம் சுடாது. 103 முதல் வகை, 201 இரண்டாம் வகை.

பழைய வழி: தடைப்பெட்டி

101, 103 வண்டிகளின் அடியில் வரிசையாக மின்தடைப் பெட்டிகள் தொங்கும். புறப்படும்போது எல்லாத் தடைகளும் சுற்றில் இருக்கும். வேகம் ஏறும்போது, புடைப்புகள் கொண்ட கேம்தண்டு என்னும் ஒரு தண்டு சுழன்று சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மூடி, தடைகளைப் படிப்படியாக விலக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்ன உதறல். நின்றுகொண்டு பயணிப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

எவ்வளவு வீணாகிறது? மோட்டார் இழப்புகளை ஒதுக்கிவிட்டு, மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்து வேகம் கூட்டுவதாக எடுத்துக்கொண்டால், தடை விலகி முடியும் வரை கம்பியிலிருந்து எடுத்த ஆற்றலில் சரிபாதி வெப்பமாகும். இது மிக அதிகம். அதனால்தான் பழைய பொறியாளர்கள் தொடர்–இணை மாற்றம் என்னும் உத்தியை வைத்திருந்தார்கள்: முதலில் எட்டு மோட்டார்களையும் ஒரே வரிசையில் இணைத்து, பாதி வேகம் வந்ததும் நான்கு நான்காக இரண்டு வரிசை ஆக்குவது. முதல் பாதியில் கம்பியிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் பாதிதான் என்பதால் வீணாவது மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

தடை முழுவதும் விலகிய பிறகு மோட்டாருக்குக் கம்பியின் வோல்டேஜ் முழுதாகக் கிடைக்கிறது. அதற்கு மேலும் வேகம் கூட்ட, மோட்டாரின் காந்தப்புலத்தைத் தளர்த்துவார்கள். புலம் தளர்ந்தால் எதிர்மின் அழுத்தம் குறையும், மின்னோட்டம் மறுபடி ஏறும். இந்தக் கட்டத்தில் தடைப்பெட்டி இழப்பு இல்லை. இதை மறந்துவிட்டால் பின்னால் வரும் கணக்கு தப்பாகும்.

*இதுவரை:* நின்ற மோட்டாருக்கு முழு வோல்டேஜைத் தர முடியாது. பழைய வண்டிகள் மிகுதியைத் தடையில் எரித்தன. ஆனால் வேகம் கூட்டும்போது எரித்தது தொடக்கக் கட்டத்தில் மட்டும்தான்.

சாப்பர் என்ன செய்கிறது?

சாப்பர் என்பது மின்கம்பிக்கும் மோட்டாருக்கும் இடையே, வினாடிக்குப் பல நூறு தடவை திறந்து மூடும் ஓர் எலக்ட்ரானிக் சுவிட்ச். மூடியிருக்கும்போது 1,500 வோல்ட் முழுதாகப் போகும். திறந்திருக்கும்போது ஒன்றும் போகாது. மொத்த நேரத்தில் 20 விழுக்காடு மூடியிருந்தால் மோட்டார் உணரும் சராசரி 300 வோல்ட். 60 விழுக்காடு என்றால் 900 வோல்ட். வேகம் ஏற ஏற மூடியிருக்கும் பங்கைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். படிகள் இல்லை, உதறலும் இல்லை.

‘அப்படியானால் மோட்டாருக்கு மின்சாரம் விட்டுவிட்டுத்தானே வரும்?’ என்ற கேள்வி எழும். வராது. மோட்டாரோடு தொடராக ஒரு பெரிய சுருள் இருக்கிறது. மின்னோட்டம் திடீரென மாறுவதை அது எதிர்க்கும். சுவிட்ச் திறக்கும் நேரத்தில், சுருளில் தேங்கிய ஆற்றல் ஒரு டயோடு வழியாக மோட்டாரைச் சுற்றி மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஓட வைக்கும். டயோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு.

சிக்கனம் இங்கேதான் பிறக்கிறது. மோட்டாரில் 400 ஆம்பியர் ஓடுகிறது, சுவிட்ச் 20 விழுக்காடு நேரம் மூடியிருக்கிறது என்றால், கம்பியிலிருந்து எடுப்பது சராசரியாக 80 ஆம்பியர் மட்டுமே. மீதி நேரத்தில் அதே மின்னோட்டம் டயோடு வழியாக உள்ளேயே சுற்றுகிறது. தடைப்பெட்டி வண்டியில் மோட்டாரின் 400 ஆம்பியரும் கம்பியிலிருந்தே வந்தாக வேண்டும்.

201-இல் அந்தச் சுவிட்ச் வேலையைச் செய்தது தைரிஸ்டர். ஒரு சின்னத் துடிப்பைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கடத்தத் தொடங்கும் குறைக்கடத்தி அது. அதன் குறை, கடத்தத் தொடங்கத் தெரியும், தானாக நிறுத்தத் தெரியாது என்பது. நேர்மின்னோட்டத்தில் அதை நிறுத்த, மின்தேக்கியும் சுருளும் கொண்ட ஒரு துணைச்சுற்று ஒவ்வொரு முறையும் எதிர்த்திசையில் மின்னோட்டத்தைத் தள்ளி, தைரிஸ்டரின் மின்னோட்டத்தைச் சுழியமாக்க வேண்டும். ஒருமுறை அது பிசகினால் தைரிஸ்டர் நிற்காமல் கடத்திக்கொண்டே இருக்கும், மோட்டாருக்கு முழு வோல்டேஜும் பாயும், பிரேக்கர் விழும். சாப்பர் பெட்டி பெரிதாகவும் விலை கூடியதாகவும் இருந்ததற்கு இந்தத் துணைச்சுற்றும் ஒரு காரணம்.

இன்னொரு தலைவலி தண்டவாளத்தில். வண்டியிலிருந்து மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்புகிறது. அதே தண்டவாளத்தில்தான் ‘இந்த இடத்தில் வண்டி நிற்கிறதா’ என்று கண்டுபிடிக்கும் சிக்னல் மின்னோட்டமும் ஓடுகிறது. சாப்பரின் வெட்டு அதிர்வு சிக்னலின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், வண்டி நிற்கும் தடம் காலியாக இருப்பதாகத் தெரியும் ஆபத்து உண்டு. ஆகவே வெட்டும் அதிர்வெண்ணைச் சிக்னலோடு மோதாத ஓர் எண்ணில் நிறுத்தி, மூடியிருக்கும் பங்கை மட்டும் மாற்றுவார்கள். முன்னால் ஒரு வடிகட்டிச் சுற்றும் வைப்பார்கள்.

ஜப்பானில் இதை முதலில் பெரிய அளவில் செய்தது தேசிய ரயில்வே அல்ல. டோக்கியோவின் சுரங்கத் தடங்களை நடத்திய எய்டான் நிறுவனத்தின் 6000 வகை, சியோடா தடத்தில் 1971-லேயே சாப்பரோடும், மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும் ரீஜெனரேட்டிவ் பிரேக்கோடும் ஓடியது. சுரங்கத்துக்குள் தடைப்பெட்டி கக்கும் வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. அங்கே சாப்பர் தன் விலைக்கு ஈடான வேலையைச் செய்தது. திறந்தவெளியில் ஓடும் சூவோ தடத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

*இதுவரை:* சாப்பர் மிகுதியை எரிக்காமல், தேவையான பங்கை மட்டும் வெட்டி எடுக்கிறது. விலையும் சிக்கலும் அதிகம்.

பிரேக் பிடிக்கும்போது

ஓடுகிற வண்டியின் மோட்டாரைச் சக்கரம் சுழற்றினால் அது ஜெனரேட்டர் ஆகிறது. மின்சாரம் உண்டாக்கும் மோட்டார் சுழல்வதை எதிர்க்கும். அந்த எதிர்ப்பே பிரேக். உண்டான மின்சாரத்தை வண்டியின் தடைப்பெட்டியில் எரித்தால் அது டைனமிக் பிரேக். கம்பிக்கே திருப்பி அனுப்பினால் ரீஜெனரேட்டிவ் பிரேக்.

திருப்பி அனுப்புவது சொல்வதுபோல் எளிதல்ல. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பதுபோல், கம்பியில் 1,500 வோல்ட் இருக்கும்போது 600 வோல்ட் மின்சாரம் அங்கே போகாது. வோல்டேஜை ஏற்ற வேண்டும். சாப்பரின் அழகு இதில்தான் இருக்கிறது. அதே உறுப்புகளை இடம் மாற்றி இணைத்தால் அது வோல்டேஜை ஏற்றும் கருவியாகிவிடுகிறது. சுவிட்சை மூடினால் மோட்டாரும் சுருளும் குறுக்குச்சுற்றாகி, சுருளில் மின்னோட்டம் ஏறும். சுவிட்சைத் திறந்தால் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்துக்கு வேறு வழியில்லை. சுருள் தன் வோல்டேஜை உயர்த்தி அதைக் கம்பிக்குள் தள்ளும். மோட்டார்கள் 600 வோல்ட் உண்டாக்கும்போது சுவிட்ச் 40 விழுக்காடு நேரம் திறந்திருக்க வேண்டும். வண்டி மெதுவாகி 150 வோல்டுக்கு இறங்கினால் 10 விழுக்காடு.

மிகக் குறைந்த வேகத்தில் உண்டாகும் வோல்டேஜ் இழப்புகளுக்கே போதாமல் போகும். அப்போது காற்று பிரேக் பொறுப்பேற்கும். மிக அதிக வேகத்திலும் சிக்கல் உண்டு: இந்தச் சுற்று வோல்டேஜை ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது. மோட்டார்கள் உண்டாக்குவதே கம்பியைத் தாண்டினால் மின்னோட்டம் கட்டுக்குள் நிற்காது. அதைத் தவிர்க்கக் காந்தப்புலத்தைத் தளர்த்துவது போன்ற வழிகள் தேவை.

அந்த மின்சாரம் எங்கே போகிறது?

பேட்டரிக்கு அல்ல. 201-இல் இருக்கும் பேட்டரி கட்டுப்பாட்டுச் சுற்றுகளுக்கும் அவசர விளக்குகளுக்குமானது. 10 பெட்டி ரயிலை நிறுத்தும் ஆற்றல் அதில் அடங்காது.

மின்நிலையத்துக்கும் அல்ல. துணைமின் நிலையத்தில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குவது ரெக்டிஃபையர் என்னும் டயோடுத் தொகுப்பு. அது ஒருவழிக் கதவு. ரயிலிலிருந்து வரும் மின்சாரம் அதைத் தாண்டி வெளி வலையமைப்புக்குப் போகாது.

போகும் ஒரே இடம், அதே கம்பியில் அந்த நேரத்தில் வேகம் கூட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு ரயில். ஒரு ரயில் நிலையத்தை நெருங்கி பிரேக் பிடிக்கிறது, இன்னொன்று புறப்படுகிறது, முதலாவது தருவதை இரண்டாவது வாங்கிக்கொள்கிறது. காலை நெரிசல் நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் சூவோ தடத்தில் வாங்க ஆள் எப்போதும் உண்டு.

இரவு கடைசி வண்டிகளில் அப்படியில்லை. வாங்க ஆள் இல்லாவிட்டால் கம்பியின் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். 1,700, 1,800 வோல்டை நெருங்கும்போது வண்டியின் கட்டுப்பாடு தானாகவே திருப்பி அனுப்புவதைக் குறைக்கும், பிறகு நிறுத்தும். இதை ரீஜெனரேஷன் அறுபடுதல் எனலாம். அந்தக் கணத்தில் மின்பிரேக் போய்விடும். காற்று பிரேக் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். நிரப்பச் சற்றுத் தாமதமானால் வண்டி ‘நழுவுவது’ போல ஓட்டுநருக்குத் தெரியும். ஆற்றலும் பிரேக் கட்டையில் வெப்பமாகப் போகும்; கட்டையும் தேயும். துணைமின் நிலையத்தில், நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர் வைத்து வெளி வலைக்கு அனுப்புவது, தடத்தோரம் சேமிப்புக் கலங்கள் வைப்பது என்று தீர்வுகள் உண்டு. ஆனால் அவை வண்டியின் வேலை அல்ல, தடத்தின் வேலை.

*இதுவரை:* திரும்பும் மின்சாரத்தை இன்னொரு ரயில்தான் பயன்படுத்துகிறது. வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தடத்தில் வாங்க ஆள் இல்லாவிட்டால் மிச்சம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

பயணிகளோடு 400 டன் எடையுள்ள ரயில் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 7 கிலோவாட்-மணி. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே 80 கி.மீ.யில் சுமார் 27.

தடைப்பெட்டி வண்டியில் 40 கி.மீ.யோடு தடைகள் முழுவதும் விலகிவிடுகின்றன என்று கொள்வோம். அதுவரை எடுத்ததில் மூன்றில் ஒன்று வீண் என்று பார்த்தோம். 7 கிலோவாட்-மணி வண்டிக்குச் சேர, சுமார் 3.5 தடையில் எரிந்தது. 40-லிருந்து 80 வரை தடை இழப்பு இல்லை.

ஒவ்வொரு புறப்பாட்டிலும் சாப்பர் மிச்சப்படுத்தக்கூடியது அந்த 3.5. ரீஜெனரேட்டிவ் பிரேக் மீட்க முயல்வது அந்த 27-ஐ. காற்று எதிர்ப்பு, மோட்டார் இழப்பு, காற்று பிரேக் போட வேண்டிய கடைசிக் கட்டம் எல்லாம் போய், பாதிக்கும் சற்றுக் குறைவாகவே திரும்பினாலும் அது 3.5-ஐப்போல மூன்று மடங்குக்கு மேல். நிலையங்கள் மிக நெருக்கமாக இருந்து, வண்டி 50-ஐக்கூடத் தாண்டாத தடத்தில் இந்த விகிதம் மாறும். அங்கே தடை இழப்பின் பங்கு பெரிது. சூவோ விரைவுத் தடம் அப்படிப்பட்டதல்ல.

சுருக்கமாக, ‘மின்சிக்கன ரயில்’ பலகைக்கு நியாயம் செய்தது பெரும்பாலும் பிரேக்தான். சாப்பரின் முக்கியப் பங்கு, அந்த பிரேக்கைக் குறைந்த வேகம் வரை நன்றாக வேலை செய்ய வைத்தது.

205 கேட்ட கேள்வி

மிச்சம் பிரேக்கில்தான் என்றால், விலையுயர்ந்த சாப்பர் இல்லாமல் பிரேக்கை மட்டும் வாங்க முடியாதா? இதே கேள்வியைத்தான் கடன் சுமையில் தவித்த தேசிய ரயில்வேயும் கேட்டது. 201-இன் பிற்கால உற்பத்தியிலேயே செலவைக் குறைக்கும் முயற்சி தெரிகிறது; பென்டோகிராஃபைக்கூட விலை குறைந்த பழைய வகைக்கு மாற்றினார்கள். பென்டோகிராஃப் என்பது கூரையில் இருந்து கம்பியைத் தொடும் சட்டம்.

1985-இல் யமனோடே தடத்தில் வந்த 205 வகை அந்தக் கேள்விக்கு விடை. புறப்படும்போது அது 103-ஐப் போலவே தடைப்பெட்டியைப் பயன்படுத்துகிறது. பிரேக்கில் மட்டும், மோட்டாரின் காந்தப்புலச் சுருளுக்குத் தனியாகச் சிறிதளவு மின்னோட்டத்தைச் சேர்த்துத் தருகிறது. உண்டாகும் வோல்டேஜ், வேகத்தையும் புலத்தையும் பொறுத்தது. வேகம் குறையும்போது புலத்தைக் கூட்டினால் வோல்டேஜ் கம்பிக்கு மேலேயே நிற்கும். முழு மோட்டார் மின்னோட்டத்தையும் வெட்டும் பெரிய தைரிஸ்டர்கள் தேவையில்லை. புலச் சுருளுக்கான சின்னச் சுற்று போதும். புலத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதால் சாப்பர் அளவுக்குக் குறைந்த வேகம் வரை மின்சாரத்தை மீட்க முடியாது. ஆனால் மேலே பார்த்ததுபோல், ஆற்றலின் பெரும்பகுதி உயர் வேகத்தில்தான் இருக்கிறது. எடை குறைந்த துருப்பிடிக்காத எஃகு உடலும் சேர்ந்தபோது, 201-ஐத் தொடர்ந்து கட்ட நியாயம் இல்லாமல் போயிற்று. 103 வகை 21 ஆண்டுகள் உற்பத்தியில் இருந்தது. 201-இன் தொடர் உற்பத்தி 1985-லேயே நின்றது.

ஏன் ஓய்வு பெற்றது?

1987-இல் தேசிய ரயில்வே ஜேஆர் என்னும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது 794 பெட்டிகள் ஜேஆர் கிழக்குக்கும், 224 பெட்டிகள் ஜேஆர் மேற்குக்கும் போயின. கிழக்கில் 2006-இன் இறுதியிலிருந்து இ233 வகை சூவோ தடத்தில் இடம் பிடித்தது. 2010-இல் ஆரஞ்சு 201 அங்கிருந்து விடைபெற்றது. 2011-இல் கெய்யோ தடத்திலும் முடிந்தது. மேற்கில் உடலைச் செப்பனிட்டு நீண்ட காலம் ஓட்டினார்கள்: ஒசாகா வட்டத் தடத்தில் 2019 வரை, நாரா பக்கம் 2020-களிலும். கிழக்கின் முதல் ஓட்டுநர் பெட்டியான 201-1, டோயோடா பணிமனையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

சாப்பர் இருந்தும் 201-இன் மோட்டார் பழைய நேர்மின் மோட்டார்தான். சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கொடுக்கும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரும், அதன்மேல் உரசும் கார்பன் பிரஷும் தேய்ந்துகொண்டே இருக்கும். கார்பன் தூளைத் துடைக்க வேண்டும், வளையத்தைக் கடைய வேண்டும், பிரஷை மாற்ற வேண்டும். அடுத்த தலைமுறை வண்டிகளில் இன்வெர்ட்டர் மாறுமின்னோட்டத்தை உண்டாக்கி, பிரஷே இல்லாத தூண்டல் மோட்டாரை ஓட்டுகிறது. தானாகவே நிறுத்தத் தெரிந்த குறைக்கடத்திகள் வந்ததால், தைரிஸ்டரை நிறுத்தும் துணைச்சுற்றும் போய்விட்டது. கூடவே, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தைரிஸ்டருக்கும் கட்டுப்பாட்டு அட்டைகளுக்கும் மாற்று உதிரி தேடுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகும். எஃகு உடலைச் செப்பனிடலாம்; கிடைக்காத குறைக்கடத்திக்கு அப்படி ஒரு வழியில்லை.

சூவோ தடத்தில் இப்போது ஓடும் இ233-ம் பிரேக் மின்சாரத்தைக் கம்பிக்குத்தான் அனுப்புகிறது. ரெக்டிஃபையர் மட்டுமே உள்ள துணைமின் நிலையத்தின் பகுதியில், அதற்கும் பக்கத்தில் புறப்படும் இன்னொரு ரயில் வேண்டும்.